கோழியின் தீனிப்பை அடைத்துக் கொண்டால்: வீட்டில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

 

நம் பகுதியில் பத்து வீட்டுக்கு நான்கு வீட்டில் கோழி இருக்கிறது. கொல்லைப்புறம் உள்ளவர்கள் அங்கே வளர்க்கிறார்கள். கொல்லை இல்லாதவர்கள் மொட்டை மாடியில் கூண்டு வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அது முட்டைக்காக. சில தாய்மார்களுக்கு அந்த முட்டைக் காசு பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு உதவுகிறது. பல வீடுகளில் பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிட்டு, மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சும் செல்லப் பிராணியாகவும் அது ஆகிவிட்டது. எதற்காக வளர்த்தாலும் நம் பொறுப்பில் உள்ள வாயில்லா ஜீவன் நம்மிடம் உள்ள அமானிதம். அதற்கு நோவு வந்தால் சொல்லத் தெரியாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோழிக்கு வரும் நோவுகளில் வீட்டிலேயே கண்டுபிடிக்கக் கூடியதும், வீட்டு வைத்தியத்தாலேயே அதிகம் கெட்டுப் போவதும் தீனிப்பைக் கோளாறுதான். கோழியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, வாயைத் திறந்து எண்ணெயை ஊற்றுவது, பிளேடால் கீறித் தையல் ஊசியால் தைப்பது ஆகிய மூன்றும் இன்றும் நடக்கின்றன. நோவால் சாகாத கோழி இந்த வைத்தியத்தால் செத்துப் போகிறது. ஆகவே இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தீனிப்பை என்பது எது?

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தித் தின்றதெல்லாம் மெல்லப்படாமல் உணவுக்குழாய் வழியாக இறங்கி, கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில், சற்று வலப்பக்கமாக, ஒரு பையில் தங்குகிறது. இதைத்தான் தீனிப்பை என்கிறோம். சிலர் இரைப்பை என்பார்கள். இது சேமித்து வைக்கும் இடம். இங்கே தீனி ஊறி மெதுவாகக் கீழே இறங்குகிறது. அதன் பிறகு ஜீரண நீர் சுரக்கும் வயிறு. அதற்கும் அடுத்து, கெட்டியான தசையால் ஆன அரைவைப்பை. கோழி விழுங்கி வைத்திருக்கும் சிறு கற்கள் இந்த அரைவைப்பையில் கிடந்து, அம்மிக் குழவி போலத் தானியத்தை அரைக்கின்றன.

கல் இல்லாவிட்டால் அரைவை நடக்காது. அரைவை நடக்காவிட்டால் மேலே உள்ள பை காலியாகாது. மண்ணில் மேயும் கோழிக்கு இந்தக் கவலை இல்லை. தேவையான கல்லை அதுவே பொறுக்கிக் கொள்ளும். சிமெண்ட் தளத்தில், மொட்டை மாடியில் வளரும் கோழிக்கு நாம் கொடுத்தால்தான் உண்டு.

ஃபஜ்ருக்குப் பின் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மஃரிப் நேரத்தில் கோழி அடையும்போது தீனிப்பை நிறைந்து உருண்டையாக இருக்கும். இரவுக்கு வேண்டியதை அது சேர்த்து வைத்துக் கொள்கிறது; இது இயல்பு. இரவு முழுவதும் அது மெல்ல மெல்ல இறங்கி, காலையில் பை காலியாகிவிட வேண்டும். ஆகவே மாலையில் பை பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஃபஜ்ர் தொழுகை முடிந்து கூண்டைத் திறக்கும்போது, தீனியும் தண்ணீரும் வைப்பதற்கு முன், சந்தேகப்படும் கோழியைக் கையில் எடுத்து அந்த இடத்தை விரல் நுனிகளால் மெதுவாகத் தடவுங்கள். ஒன்றும் தட்டுப்படாமல் தட்டையாக இருந்தால் தீனிப்பை நலமாக உள்ளது. காலையிலும் நிறைந்திருந்தால் கோளாறு என்று பொருள். அது என்ன கோளாறு என்பதையும் பெரும்பாலும் அதே விரல்கள் சொல்லிவிடும்.

கல் போல, அல்லது பிசைந்து வைத்த மாவு உருண்டை போலக் கெட்டியாக இருந்தால் அது தீனிப்பை அடைப்பு.

தண்ணீர் நிரப்பிய பலூன் போல மெத்தென்று இருந்து, வாயருகே முகர்ந்தால் புளித்த மாவின் துர்நாற்றம் வந்தால் அது தீனிப்பைப் புளிப்பு.

தொளதொளவென்று மார்பின் முன் தொங்கி, நடக்கும்போது இரு பக்கமும் ஆடினால் அது தீனிப்பைத் தொங்கல்.

மூன்றுக்கும் மூன்று விதமான கவனிப்பு. ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் கேடு வரும். உதாரணமாக, அடைப்புக்கு நீவி விடலாம். புளிப்புக்கு நீவினால் உள்ளே இருக்கும் நீர் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அடைகாக்கும் கோழிக்கு மட்டும் இந்தச் சோதனையில் விலக்கு உண்டு. அது நாளுக்கு ஒரு தடவை எழுந்து சிறிது தின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்து விடும். அதன் பை வேளை தவறி நிறைந்தோ காலியாகவோ இருப்பதை வைத்து நோவு என்று முடிவு செய்ய வேண்டாம்.

அடைப்பு: காரணமும் கவனிப்பும்

நீளமான காய்ந்த புல், வைக்கோல், தேங்காய் நார், சாக்கு நூல், ரப்பர் பேண்ட், பாலித்தீன் துண்டு ஆகியவை பைக்குள் சுருண்டு பந்தாகிவிடும். பரோட்டா, ரொட்டி, பிசைந்த மைதா மாவு ஆகியவை உள்ளே ஊதிப் பசை போல ஒட்டிக் கொள்ளும். வலீமா, கந்தூரி நாட்களில் மிஞ்சிய நெய்ச்சோற்றை வீணாக்க மனமில்லாமல் கோழிக்கு மொத்தமாகக் கொட்டுகிறோம். நாள் முழுதும் பட்டினி கிடந்த கோழி அதை ஒரே மூச்சில் விழுங்கும். மறுநாள் பை இறங்காது.

பெரிய கோழியாக இருந்தால் கீழ்க்கண்டபடி ஒரு நாள் முயற்சி செய்யலாம்.

முதலில் அதைத் தனியே, நிழலில், தரையில் பழைய துணி விரித்த கூடையில் வையுங்கள். வைக்கோலோ மரத்தூளோ போட வேண்டாம். அதையும் கொத்தித் தின்னும். தீனியை 12 மணி முதல் 24 மணி நேரம் வரை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தக் கூடாது. சுத்தமான தண்ணீர் எப்போதும் எதிரில் இருக்கட்டும்.

அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய் எடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சாலோ மை நிரப்பியாலோ, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். ஒரு சொட்டைக் கோழி தானாக விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு கோழியை நிமிர்ந்த நிலையில் இடது கையில் அணைத்துக் கொண்டு, வலது கை விரல்களால் பையை மெதுவாகப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைப் பிசைவது போன்ற அழுத்தம் வேண்டாம். குழந்தையின் வயிற்றைத் தடவும் அளவு போதும். உருண்டையைச் சிறிது சிறிதாக உடைப்பதுதான் நோக்கம். தொண்டையை நோக்கி மேலே தள்ளக் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை போதும். கோழி திணறினால், தலையை உதறினால், வாயில் நீர் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மறுநாள் காலையில் பை சிறுத்து இளகியிருந்தால், அல்ஹம்துலில்லாஹ், வழி திறந்துவிட்டது. உடனே தானியம் போட்டுவிடக் கூடாது. அவித்த முட்டையை மசித்து, அல்லது கோழித் தீவனத்தைத் தண்ணீரில் ஊற வைத்துக் கூழாக்கி, ஒரு நாளில் நான்கைந்து தடவை சிறிது சிறிதாகக் கொடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் காலையில் பை காலியாக இருந்த பிறகே பழைய தீனிக்குத் திரும்பலாம். ஒரு நாள் முயன்றும் கல் போலவே இருந்தால் வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது. மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். நூல் பந்தோ பாலித்தீனோ எண்ணெயால் கரையப் போவதில்லை.

குஞ்சுகளுக்கு இந்தப் பட்டினி ஆகாது. அவற்றின் உடம்பில் சேமிப்பு கிடையாது. குஞ்சின் பை இறங்காவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புளிப்பு: காரணமும் கவனிப்பும்

பையில் தீனி நீண்ட நேரம் தேங்கினால் அது நொதிக்கும். அப்போது கேண்டிடா என்ற ஒருவகைப் பூஞ்சை பெருகும். பூசணம் பிடித்த தானியம், கழுவாத தண்ணீர்ப் பாத்திரம், அளவுக்கு மீறிய ரொட்டி, சோறு, இனிப்புப் பண்டங்கள், மருத்துவரைக் கேட்காமல் நாள் கணக்கில் கொடுத்த ஆண்டிபயாடிக் மருந்து ஆகியவை இதற்கு வழி வைக்கும். முதலில் அடைப்பாகத் தொடங்கிப் பிறகு புளிப்பாக மாறுவதும் உண்டு. சில கோழிகளின் வாய்க்குள் தயிர்த் துணுக்கு போல வெள்ளைப் படலம் தெரியும்.

இதற்கு வீட்டில் செய்யக் கூடியது குறைவு. தனியே வையுங்கள். பெரிய கோழிக்கு 12 மணி நேரம் தீனியை நிறுத்துங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் வையுங்கள். பையை அழுத்தாதீர்கள். அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, மருத்துவரிடம் கொண்டு போங்கள். பூஞ்சையைக் கொல்ல அதற்கென்றுள்ள மருந்து வேண்டும். கோழியின் எடையைப் பார்த்து அளவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

வினிகர் கலந்த தண்ணீர், தயிர், பூண்டு என்று பலரும் சொல்வார்கள். உடல் தேறிய பிறகு தீனியோடு ஒரு டீஸ்பூன் தயிர் கொடுப்பதால் பெரிய கெடுதி இல்லை. ஆனால் அது மருந்தும் இல்லை. வினிகர் நாற்றத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். பூஞ்சை போய்விட்டது என்று நம்பி இரண்டு மூன்று நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. மயில்துத்தம் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அளவு சற்றே கூடினாலும் அது விஷம்.

தொங்கல்

பலமுறை அடைத்து, பலமுறை அளவுக்கு மீறி நிறைந்த பையின் தசை இழுபட்டுத் தளர்ந்துவிடும். சில கோழிகளுக்குப் பிறவியிலேயே தசை பலவீனமாக இருக்கும். இதை முழுவதும் குணப்படுத்துவது கடினம். ஆனாலும் இப்படிப்பட்ட கோழி நெடுநாள் வாழ முடியும். ஒரே நேரத்தில் நிறையப் போடாமல் நான்கைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள். ஈரமான, எளிதில் இறங்கும் தீனி நல்லது. புல், வைக்கோல், ரொட்டி வேண்டாம். பையைத் தாங்கிப் பிடிக்கும்படி மெல்லிய துணியால் கட்டுவதும் உண்டு. அதை எப்படிக் கட்டுவது என்று மருத்துவரிடம் ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டும்.

செய்யவே கூடாத நான்கு

ஒன்று, தலைகீழாகப் பிடிப்பது. கோழியின் நாக்குக்குப் பின்னால், வாயின் அடித்தளத்திலேயே மூச்சுக்குழாயின் துவாரம் இருக்கிறது. தலைகீழாகப் பிடித்துப் பையை அழுத்தினால், மேலேறி வரும் புளித்த நீர் அந்தத் துவாரத்தின் மேல்தான் பாயும். அடுத்த மூச்சில் அது நுரையீரலுக்குள் போகும். நாற்றமடித்த நீர் கொட்டியதைப் பார்த்து நமக்குத் திருப்தியாக இருக்கும். கோழி சில நிமிடத்தில் துவண்டு விழும்.

இரண்டு, வாயைப் பிளந்து எண்ணெயோ தண்ணீரோ ஊற்றுவது. காரணம் மேலே சொன்னதுதான். ஊற்றியதில் பாதி மூச்சுக்குழாய்க்குள் போகும்.

மூன்று, பிளேடால் கீறித் தைப்பது. முன்பு கிராமத்தில் பெரியவர்கள் செய்திருக்கிறார்களே, கோழி பிழைத்ததே என்று கேட்பவர்கள் உண்டு. பிழைத்ததைத்தான் நாம் ஊரெல்லாம் பேசுகிறோம், செத்ததைப் பேசுவதில்லை. கால்நடை மருத்துவரும் பையைத் திறந்துதான் அடைப்பை எடுக்கிறார். ஆனால் வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து, கிருமி நீக்கிய கருவியால் திறந்து, உள்ளே இருக்கும் பையின் சுவரைத் தனியாகவும் மேல்தோலைத் தனியாகவும் தைக்கிறார். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் பை கசிந்து சீழ் வைக்கும். மயக்க மருந்து இல்லாமல் ஓர் உயிரைக் கீறுவது அதற்கு எவ்வளவு வேதனை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்கு, வாயிலிருந்து தொங்கும் நூலை இழுப்பது. அதன் மறுமுனை நாக்கைச் சுற்றியிருக்கலாம். பைக்குள் பந்தாகிக் கிடக்கலாம். வெளியே தெரிவதை அப்படியே விட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

தீனிப்பை நிறைந்திருந்தும் நோவு வேறாக இருக்கலாம்

பை இறங்காதது சில சமயம் வேறொரு நோவின் அடையாளம் மட்டுமே. கோழிக் கழிச்சல், அதாவது நம் தாய்மார்கள் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய் வந்தாலும் பையில் நீர் தேங்கும். ஆனால் அதோடு வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும், மூச்சு இரையும், கழுத்து முறுக்கிக் கொள்ளும், ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல கோழிகள் படுக்கும். இதற்கு எண்ணெயும் நீவுதலும் பயன்படாது. வந்த பின் இதைக் குணமாக்கும் மருந்து இல்லை; வருமுன் தடுப்பூசிதான் வழி. கால்நடைப் பராமரிப்புத் துறை இதற்கென இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடத்துகிறது. பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும் அந்த முகாமுக்கு நம் வீட்டுக் கோழிகளையும் தவறாமல் கொண்டு போக வேண்டும்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்து, பையும் இறங்காமல் இருந்தால் அது மேரெக்ஸ் என்ற நரம்பு நோயாக இருக்கலாம். குடற்புழு அதிகமானாலும், முட்டை உள்ளே சிக்கிக் கொண்டாலும் பை இறங்காது. ஆகவே பையை மட்டும் பார்த்து நிறுத்தாமல் எச்சத்தையும், நடையையும், மற்றக் கோழிகளையும் பாருங்கள். திடீரென்று பல கோழிகள் செத்தால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

எங்கே காட்டுவது?

அரசு கால்நடை மருந்தகங்களில் கோழிக்கும் வைத்தியம் உண்டு. மாடு, ஆடுகளுக்கு மட்டும்தான் என்று எண்ணிப் பலர் போவதில்லை. 1962 என்ற இலவச எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிக் கேட்கலாம். சென்னையில் உள்ள உறவினர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது என்ன தீனி போட்டீர்கள், எத்தனை நாளாகப் பை இறங்கவில்லை, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள். கொடுத்த மருந்தை மறைக்க வேண்டாம்.

“அறுத்துவிடலாமா?”

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். தானாகச் செத்தது நமக்கு ஆகுமானது அல்ல என்பதால், சாவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். உயிரோடு முறைப்படி அறுக்கப்பட்டது என்பதால் மட்டும் நோயுற்ற கோழியின் கறி உடம்புக்கு நல்லதாகிவிடாது. கழிச்சல், மூச்சிரைப்பு, காய்ச்சல் உள்ள கோழியை உண்ணாதீர்கள். மருந்து கொடுத்த கோழியின் கறியும் முட்டையும் எத்தனை நாளைக்கு ஆகாது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். மருந்துக்கு மருந்து இந்த நாட்கணக்கு வேறுபடும். இனிப் பிழைக்காது, வேதனைதான் மிச்சம் என்று மருத்துவர் சொன்னால், அதை நீட்டிக்காமல் முடித்து வைப்பதும் இரக்கமே. அந்தக் கோழியைப் பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்திருந்தால் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். செத்த கோழியைச் சாக்கடையிலோ குப்பைத் தொட்டியிலோ போடாமல் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நோயுற்ற கோழியைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

வருமுன் காப்பது

மாடியில் வளர்ப்பவர்கள் ஒரு தட்டில் சிறு கற்களை எப்போதும் வையுங்கள். பெரிய கோழிக்கு மிளகு அளவு, தானியம் தின்னும் குஞ்சுக்குக் கடுகு அளவு. கிளிஞ்சல் தூள் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும். ஆனால் உள்ளே கரைந்துவிடுவதால் கல்லுக்கு ஈடாகாது.

கீரை, புல்லை விரல் அகலத்துக்கு நறுக்கிப் போடுங்கள். தீனியை நேரம் தவறாமல் வையுங்கள். பட்டினி போட்டு மொத்தமாகக் கொட்டுவதே பாதி அடைப்புக்குக் காரணம். விருந்தில் மிஞ்சிய சோற்றை ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். தண்ணீர்ப் பாத்திரத்தை நாள்தோறும் கழுவுங்கள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் ஆட்டைக் கட்டிய கயிற்றின் நார், சாக்கு நூல், பாலித்தீன் பைகளைக் கொல்லையில் விடாமல் பொறுக்கிவிடுங்கள். குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள்.

வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் காலையில் கோழியைத் தொட்டுப் பார்க்கும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே கொடுக்கலாம். பார்த்த பிறகு கை கழுவச் சொல்லுங்கள். நலமாக உள்ள கோழியின் பையை மாலையில் ஒரு தடவையும் காலையில் ஒரு தடவையும் தொட்டுக் காட்டினால் போதும். இன்ஷா அல்லாஹ், வித்தியாசம் தெரியும் நாளில் அந்தப் பிள்ளையே முதலில் வந்து சொல்லும்.